சேன்-பியேர்-சுர்-தீவ் சந்தைக்கூடம்: எரிந்தபின் மரத்தாலேயே மீண்டும் எழுந்த கட்டடம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், கல்வாதோஸ் மாவட்டத்தில், தீவ் ஆற்றை ஒட்டிய சிற்றூர் சேன்-பியேர்-சுர்-தீவ். 2017 முதல் அக்கம்பக்கத்துக் கிராமங்களோடு இணைக்கப்பட்டு, சேன்-பியேர்-ஆன்-ஓஜ் என்ற பெயரில் ஒரே உள்ளாட்சியாக இருக்கிறது. கறவை மாடும் ஆப்பிள் தோப்பும் நிறைந்த வட்டாரம். பாலாடைக்கட்டிக்குப் பேர்போன லிவாரோ பக்கத்து ஊர்தான். ஊர் நடுவே சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு ஒரு சந்தைக்கூடம். இரு முனைகளிலும் கல்லால் எழுப்பிய உயர்ந்த முகப்புச் சுவர், பக்கவாட்டில் தாழ்ந்த சுவர், அதை நோக்கிச் சரிந்து இறங்கும் பிரம்மாண்டமான ஓட்டுக்கூரை. உள்ளே நுழைந்தால் இரண்டு வரிசை மரத்தூண்கள். நடுவில் அகலமான பத்தி ஒன்று, அதன் இருபுறமும் ஒடுங்கிய பத்தி ஒவ்வொன்று. திங்கட்கிழமைதோறும் காலையில் இங்கே சந்தை கூடுகிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இதே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் தீவ்-சுர்-மேர் என்ற ஊர் இருக்கிறது. அங்கும் புகழ்பெற்ற பழைய மரச் சந்தைக்கூடம் உண்டு. பயணக் குறிப்புகளிலும் படத் தொகுப்புகளிலும் இரண்டும் அடிக்கடி மாறிப்போகின்றன. இந்த ஆய்வு ஆற்றின் மேல்பகுதியில், மடத்துக்கு அருகில் உள்ள கூடத்தைப் பற்றியது.

பிரான்சில் பழைய மரச் சந்தைக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. பாரிசுக்குத் தெற்கே மிய்யி-லா-ஃபொரேயில் 1479-இல் கட்டியது நிற்கிறது. பிரித்தானி பகுதியில் கெஸ்தாம்பேர் ஊரில் 1552-இல் கட்டி 1675-இல் புதுப்பித்த கூடம் நிற்கிறது. சேன்-பியேர் கூடத்தின் சேதி வேறு. 1944 ஆகஸ்டில் அதன் மரக்கூடு முழுவதும் எரிந்துபோனது. போர் முடிந்து 1940-களின் கடைசியில், பழைய வடிவிலேயே, ஓக் மரத்தாலும் செஸ்ட்நட் மர ஆணிகளாலும் திரும்பக் கட்டினார்கள். ஆகவே "இந்தக் கட்டடத்துக்கு வயது என்ன?" என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. தளவமைப்பு இடைக்காலத்தைச் சேர்ந்தது, கூரை மரத்துக்கு முக்கால் நூற்றாண்டு, மரத்தை மரத்தோடு பொருத்தும் முறை இந்த இரண்டையும்விடப் பழையது. மூன்றில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால், பொருத்தும் முறையைத்தான் முதலில் சொல்வோம். காரணம் கீழே வருகிறது.

மடத்துச் சந்தை

ஊரின் தொடக்கமே மடம்தான். 11-ஆம் நூற்றாண்டில் லெஸ்லீன் என்ற சீமாட்டி இங்கே ஒரு பெனடிக்ட் சபை மடத்தை நிறுவினார். அதன் கோவில் 1067 மே மாதத்தில், இங்கிலாந்தை வென்று திரும்பியிருந்த வில்லியம் முன்னிலையில் அர்ச்சிக்கப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடம் தீக்கிரையானது. 1145-இல் மடாதிபதி ஐமோன் எழுதிய கடிதம், மறுகட்டுமானத்துக்காகப் பொதுமக்கள் தாங்களே வண்டியிழுத்துக் கல் கொண்டுவந்ததை விவரிக்கிறது. ஊருக்கும் மடத்துக்கும் இருந்த இந்தப் பிணைப்பில்தான் சந்தையும் வளர்ந்தது. கூடத்தை எழுப்பியவர்கள் துறவிகள். 11 அல்லது 12-ஆம் நூற்றாண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காலம்.

துறவிகளுக்குச் சந்தைக் கூரை எதற்கு? வருமானத்துக்கு. இடைக்கால பிரான்சில் சந்தை நடத்தும் உரிமை நிலவுடைமையாளரின் சொத்து. கடை போடும் இடத்துக்குக் கட்டணம், தானியத்தை அளந்து கொடுக்க அளவைக் கூலி, எடைக்கல் பயன்படுத்தினால் அதற்கொரு காசு. திறந்த வெளியில் இவற்றை வசூலிப்பது சிரமம். வாசல் வைத்த கூரையின்கீழ் எளிது. தானியம் நனையாமலும் இருக்கும். பக்கச் சுவர் இருப்பதற்கும், உள்ளே வரும் வழிகள் எண்ணி வைக்கப்பட்டிருப்பதற்கும் பின்னால் இந்த வசூல் கணக்கு இருக்கிறது என்று கொள்ளலாம். காற்றோட்டத்துக்காக மட்டும் கட்டியிருந்தால் சுவரே தேவைப்பட்டிருக்காது.

பிரெஞ்சுப் புரட்சி இதை மாற்றியது. 1789 நவம்பர் 2-இல் திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமையாயின. 1790 மார்ச் மாதச் சட்டம் சந்தை மீதான நிலவுடைமை உரிமைகளை ஒழித்து, கூடங்களை வைத்திருந்தவர்கள் அவற்றை ஊராட்சிக்கு விற்பது, வாடகைக்கு விடுவது குறித்து உடன்பாட்டுக்கு வரவேண்டும் என்றது. பிரான்சின் சிற்றூர்ச் சந்தைக்கூடங்கள் பொதுக் கட்டடங்களாக ஆனதற்குச் சட்ட அடிப்படை இதுதான். தெற்கு பிரான்சில் சில ஊர்களில் கூடத்தின் மேல்தளத்திலேயே ஊராட்சி மன்றம் கூடியது. நார்மண்டிக் கூடங்களில் மேல்தளம் அபூர்வம். கூரையின் அடிவரை வெறும் காற்றுவெளிதான்.

மரக்கூடு நிற்கும் விதம்

கூரையின் எடையிலிருந்து தொடங்குவதே சரி. நார்மண்டியின் பழைய தட்டை ஓடு சிறியது. கிட்டத்தட்ட 16-க்கு 26 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று மூன்றில் இரண்டு பங்கு ஏறிக் கிடக்கும், வெளியே தெரிவது 8 முதல் 9 செ.மீ.தான். சதுர மீட்டருக்கு 60 முதல் 75 ஓடு பிடிக்கும். எடை 70 முதல் 80 கிலோ. இப்படி மூன்று அடுக்காக வேய்ந்த ஓடு தண்ணீர் விடாமல் இருக்க வேண்டுமானால் சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது. சரிவு கூடினால் கூரை உயரும், பரப்பு பெருகும், எடையும் ஏறும்.

இந்த எடை ஓட்டுச் சட்டத்திலிருந்து கைமரத்துக்கும், கைமரத்திலிருந்து நீளவாட்டு உத்தரங்களுக்கும், அங்கிருந்து குறுக்குச் சட்டகங்கள் வழியாகத் தூணுக்கும் இறங்குகிறது. செங்குத்தாக இறங்கும் எடை தூணுக்குப் பெரிய பாரமில்லை, 30 செ.மீ. ஓக் தூண் அதைப்போலப் பல மடங்கைத் தாங்கும். வெளிப்புறமாகத் தள்ளும் விசைதான் சிக்கல். சரிந்த கைமரம் தன் அடியை வெளியே உதைக்கும். அந்த உதையை ஏற்பதற்குத்தான் பக்கப் பத்திகள். நடுப்பத்தியின் இருபுறமும் அவை முட்டுக் கொடுக்கின்றன. எனவே பக்கப் பத்தியில் ஏதாவது ஒரு குறுக்குச் சட்டம் உளுத்துப் போனால், அதன் விளைவு நடுக்கூரையின் முகட்டில் தெரியும். முகட்டுக்கோடு பள்ளம் விழுந்திருந்தால் பழுது முகட்டில் இல்லை, கீழே பக்கத்தில் தேட வேண்டும்.

காற்றுக்கு வேறு ஏற்பாடு. தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையே 45 பாகையில் செருகிய சாய்வு முட்டுகள் குறுக்கிலும் நெடுக்கிலும் இருக்கும். நெடுக்கில் இருப்பவை இல்லாவிட்டால் 70 மீட்டர் நீளக் கூடு வரிசையாகச் சாய்ந்துவிடும். இந்த வகைக் கூடங்களில் மனிதர் செய்யும் முதல் தவறு இந்த முட்டுகளில்தான் நடக்கிறது: சரக்கு வண்டி உள்ளே வர இடைஞ்சல் என்று ஒன்றிரண்டை அறுத்துவிடுவார்கள். அன்று எதுவும் நடக்காது. இருபது முப்பது புயல் கழித்து, அறுத்த இடத்துக்கு எட்டடி தள்ளியுள்ள பொருத்துகளில் மர ஆணிகள் நசுங்கியிருப்பது கண்ணில் படும்.

பொருத்து ஒவ்வொன்றும் கழுந்தும் துளையும்: ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய நாக்கு (கழுந்து) மற்ற மரத்தின் துளைக்குள் போய் உட்காரும். கழுந்தின் தடிமன் 4 செ.மீ. அளவில் இருக்கும். துளையின் இரு கன்னங்களிலும் ஆணித்துளை போட்டபின், கழுந்தில் போடும் துளையை மட்டும் தோள்பக்கமாக (கழுந்து தன் மரத்தோடு சேரும் பக்கமாக) 2 அல்லது 3 மி.மீ. தள்ளிப் போடுவார்கள். சற்றே கூம்பிய ஆணியை அடித்து இறக்கும்போது அது வளைந்து போய், கழுந்தை உள்ளே இழுத்துப் பிடிக்கும். கவ்வி வைத்து இறுக்க வேண்டிய வேலையை ஆணியே செய்துவிடும். தள்ளும் அளவு 5 மி.மீ. ஆனால் ஆணி முறியும், அல்லது கழுந்தின் முனை பிளந்துவிடும். தள்ளாமல் நேராகப் போட்டால், மரம் காய்ந்து சுருங்கியதும் பொருத்து வாய்திறக்கும்.

கூடு பச்சை மரம், ஆணி காய்ந்த மரம்: இதை மாற்றக் கூடாது. வெட்டிய ஓக்கைக் காய வைத்தபின் இழைப்பதும் துளைப்பதும் பெரும்பாடு. தடித்த உத்தரம் உள்வரை காய ஆண்டுக்கணக்கில் ஆகும். பச்சையாகவே செதுக்கிப் பொருத்திவிட்டால், மரம் சுருங்கச் சுருங்கக் காய்ந்த ஆணியைச் சுற்றி இறுகும். ஆணியை அறுத்து எடுக்கக் கூடாது, பிளந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் நார் முனையிலிருந்து முனைவரை அறாமல் ஓடும். செஸ்ட்நட் நேராகப் பிளக்கும், ஓக்கைப் போலவே துவர்ப்பு (டானின்) மிகுந்தது, எளிதில் உளுக்காது. வெள்ளைப் பகுதியை நீக்கிவிட்டு வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்பதை நம் தச்சர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரும்பை ஒதுக்கியதற்கும் இந்தத் துவர்ப்புதான் காரணம். ஓக்கின் அமிலமும் துவர்ப்பும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்து மரத்தைப் பிளக்கும், சுற்றிலும் கறுத்த கறை படரும், அந்த வளையத்தில் மரம் வலுவிழக்கும். விளக்குக்கம்பி, விளம்பரப் பலகை என்று அடித்த ஆணிகளைச் சுற்றி இதைப் பல கூடங்களில் காணலாம்.

290,000 ஆணிக் கணக்கு

இந்தக் கூடத்தைப் பற்றிப் பேசும் எல்லாரும் ஒரு எண்ணைச் சொல்வார்கள்: மறுகட்டுமானத்தில் 290,000 செஸ்ட்நட் ஆணிகள் பயன்பட்டன, ஒரு இரும்பு ஆணியோ திருகாணியோ இல்லை. இதைக் கேட்பவர் உத்தரங்களையும் தூண்களையும் பார்த்து வியப்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் எண் வேறொன்றைச் சொல்கிறது.

பெரிய குறுக்குச் சட்டகம் ஒன்றில் எவ்வளவு தாராளமாக எண்ணினாலும் நூறு ஆணிக்கு மேல் போகாது. 70 மீட்டர் நீளத்தில் நான்கு மீட்டருக்கு ஒன்று வைத்தால் 18 சட்டகம் வரும், 1,800 ஆணி. நீளவாட்டு முட்டுகள், உத்தரத்தின்மேல் கைமரத்தைப் பிடிக்கும் ஆணிகள் எல்லாம் சேர்த்து இன்னும் சில ஆயிரம். பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்ளலாம். மீதி 280,000 எங்கே?

கூரையில்தான் இருக்க வேண்டும். பழைய தட்டை ஓட்டின் மேல்விளிம்பில் இரண்டு துளை இருக்கும். அதில் சுண்டுவிரல் அளவு மர ஆணியைச் செருகி, அந்த ஆணியால் ஓட்டைச் சட்டத்தில் மாட்டுவார்கள். சதுர மீட்டருக்கு 65 ஓடு, ஓட்டுக்கு 2 ஆணி என்றால் 130 ஆணி. 280,000-ஐ 130-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,150 சதுர மீட்டர் கூரை. 70 மீட்டர் நீளத்துக்கு அது பக்கத்துக்குப் பதினைந்து மீட்டர் சரிவாகிறது. மூன்று பத்தி கொண்ட உயர்ந்த கூடத்துக்கு மிகவும் பொருந்தும் அளவு. ஆக, புகழ்பெற்ற அந்த எண்ணில் பெரும்பகுதி தச்சரின் பொருத்து ஆணியாக இருக்க வழியில்லை, ஓடு வேய்பவரின் மாட்டு ஆணியாகவே இருக்க வேண்டும். இதனால் வேலையின் பெருமை குறைந்துவிடாது. பராமரிப்புச் செலவைக் கணிப்பவர்களுக்கு மட்டும் இந்த வேறுபாடு முக்கியம்: பொருத்து ஆணி நூற்றாண்டுகள் நிற்கும், ஓட்டு ஆணியை அப்படி நம்ப முடியாது.

தீ என்ன செய்தது

1944 ஆகஸ்டு நடுவில் பக்கத்து ஃபலேஸ் வட்டாரத்தில் ஜெர்மன் படைகளை நேச நாட்டுப் படைகள் வளைத்துக்கொண்டிருந்தன. அந்த நாட்களின் போரில்தான் கூடம் எரிந்தது.

தடித்த ஓக் எளிதில் எரியாது என்பது உண்மை. கடின மரம் தீயில் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் சொச்சம் கரியும்; 30 செ.மீ. தூண் ஒரு மணி நேரம் எரிந்தாலும் உள்ளே 23 செ.மீ. நல்ல மரம் மிஞ்சும். பிறகு ஏன் கூடு முழுவதும் விழுகிறது? மெல்லியவை முதலில் போவதால். ஓட்டுச் சட்டம் ஒரு செ.மீ. தடிமன்தான், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஓடுகள் கொட்டும், கூரை திறக்கும், கீழிருந்து காற்று புகைபோக்கிபோல் இழுக்கும். அடுத்து கைமரங்கள். உத்தரமும் தூணும் இன்னும் நின்றாலும், அவற்றை இணைக்கும் கழுந்து 4 செ.மீ.தான், துளைக்குள் தீ நுழைந்ததும் அதுவும் அதைப் பிடித்திருந்த ஆணியும் அறுகின்றன. பொருத்து விட்டதும் கூடு தன் எடையிலேயே சரிகிறது.

கல் தப்பிக்கும், ஆனால் அடையாளத்தோடு. இந்தப் பகுதிச் சுண்ணக்கல் 300 பாகைக்கு அருகே சூடானால் இளஞ்சிவப்பாக மாறும். 800-ஐத் தாண்டினால் சுண்ணாம்பாகவே நீறிப் பொடியும். தீப்பட்ட முகப்புச் சுவரை ஆராயும்போது சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஒரு சிறு துண்டை உடைத்துப் பார்த்தாலே போதும். ஓரிரு செ.மீ. என்றால் சுவரைத் தொட வேண்டியதில்லை. மரத்தின் முனை சுவருக்குள் போன குழிகளைச் சுற்றித்தான் சேதம் ஆழமாக இருக்கும்; அங்கே கல்லை மாற்றாமல் புதிய உத்தரத்தை அமர்த்தினால், உட்காரும் கல் நொறுங்கும்.

கான்கிரீட் கையருகே இருந்தது

1940-களின் கடைசியில் நார்மண்டி முழுவதும் கட்டுமானத் தளமாக இருந்தது. லெ ஆவ்ர் நகர மையத்தைக் கட்டடக்கலைஞர் ஒகுஸ்த் பெரே கான்கிரீட்டால் எழுப்பிக்கொண்டிருந்தார். பழங்கட்டடங்களுக்கும் கான்கிரீட் புதிதல்ல: முதல் உலகப் போரில் எரிந்த ரீம்ஸ் பேராலயத்தின் மரக்கூரைக்குப் பதிலாக, 1920-களில் ஆன்ரி தெனு என்ற கட்டடக்கலைஞர் முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளால் கூரைச் சட்டகம் அமைத்தார். இனி எரியாது, இலகுவானது, நல்ல ஓக் தேட வேண்டாம். அந்தத் தீர்வு இன்றும் உறுதியாக நிற்கிறது.

அப்படியிருந்தும் சேன்-பியேரில் ஓக்கைத் தேர்ந்தார்கள். அது சரியான தேர்வு என்பதே எங்கள் மதிப்பீடு. பேராலயத்துக்குப் பொருந்தியது இங்கே பொருந்தியிருக்காது. பேராலயத்தில் கூரைச் சட்டகம் கல் வளைவுகளுக்கு மேலே, யார் கண்ணிலும் படாத இடத்தில் இருக்கிறது. சந்தைக்கூடத்தில் மரக்கூடுதான் கட்டடமே. அதை எடுத்துவிட்டால் நான்கு சுவர் மிஞ்சும். இன்னொன்று, பராமரிப்பு. கான்கிரீட் தூணின் உள்கம்பி துருப்பிடித்தால் சிற்றூர் ஊராட்சி சிறப்பு நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். மரத்தூணின் அடி உளுத்தால், அந்த அடியை மட்டும் மாற்ற உள்ளூர்த் தச்சர் போதும்.

எதிர்வாதமும் வலுவானதே. 1949 வாக்கில் செதுக்கிய மரத்தை இடைக்காலச் சந்தைக்கூடம் என்று காட்டலாமா? பழங்கட்டடப் பாதுகாப்புக்கான 1964 வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. மறுகட்டுமானம் நேர்மையாக இருக்க வேண்டுமானால், எது புதிது என்பது தெரிய வேண்டும். முகப்பில் ஒரு அறிவிப்புப் பலகையைவிட, மரத்தில் வெட்டிய ஆண்டு எண்ணே இதற்கு நல்ல வழி. பிரெஞ்சுத் தச்சர்களிடம் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது: தரையில் முழு அளவுக்குக் கோடு கிழித்து, ஒவ்வொரு மரத்தையும் அதன்மேல் கிடத்தித் தூக்குக்குண்டால் குறித்து, அந்தப் பொருத்துக்கு மட்டுமே பொருந்தும்படி வெட்டி, உளியால் எண் பொறிப்பார்கள். இந்தக் கோடிடும் கலையை 2009-இல் யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2019-இல் எரிந்த பாரிஸ் நோத்ர்-தாம் கூரையையும் இதே முறையில், கோடாலியால் செதுக்கிய பச்சை ஓக்கால் மீட்டார்கள்.

எங்கே கெடும்

தூணின் அடியில். மற்ற எல்லாப் பழுதும் இதற்குப் பிறகுதான்.

மரத்தின் வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சும். நார்வாட்டில் அது சில பத்து செ.மீ. ஏறிவிடும். ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே தங்கிவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் தூணைத் தரையில் நடாமல் பாதக்கல்லின்மேல் நிறுத்துகிறார்கள். தரையில் விழும் நீர் தெறிப்பது ஏறக்குறைய 30 செ.மீ. உயரம், கல் அதற்கு மேல் இருக்க வேண்டும். பிற்காலத்தில் தரைக்குக் கல்பாவி, அதன்மேல் தார் போட்டு உயர்த்தும்போது இந்த இடைவெளி காணாமல் போகிறது. அதைவிட மோசமானது, கல்லுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடுக்கைச் சிமெண்டால் பூசி அடைப்பது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். மரம் சுருங்கி விரிவதால் பூச்சில் மயிரிழைப் பிளவு விழும், தண்ணீர் இறங்கும், வெளியேற வழியிருக்காது. பத்து ஆண்டில் பூச்சு அப்படியே இருக்கும், உள்ளே மரம் கூழாகியிருக்கும். சுண்ணாம்புச் சாந்தும் இங்கே வேண்டாம். இடுக்கைத் திறந்தே விடுவதுதான் சரி.

சந்தையும் தன் பங்குக்குச் சேதம் செய்யும். மீன்கடைப் பனிக்கட்டி உருகிய உப்புநீர் தூணடியில் ஊறினால், உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். சந்தை முடிந்ததும் குழாயால் பீய்ச்சிக் கழுவுவது அடுத்தது. மீன்கடைகளைத் தூணிலிருந்து தள்ளி வடிகால் ஓரமாக அமர்த்துவது, எந்த மருந்துப் பூச்சையும்விட நல்ல பாதுகாப்பு.

பூச்சியைப் பற்றி வீண் பயம் அதிகம். பழைய ஓக்கைத் துளைக்கும் வண்டின் வெளியேறும் துளை 3 மி.மீ. அளவு, அது பூஞ்சையால் மெத்தெனப் போன ஈர மரத்தில்தான் பெருகும். ஈரத்தை நிறுத்தாமல் மருந்தடிப்பது காசுக்குக் கேடு. ஈரம் நின்றுவிட்டால், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது.

சோதனைக்கு முதல் கருவி குத்தூசி. தூணின் நான்கு முகத்திலும் கல்லுக்குச் சற்று மேலே குத்திப் பார்க்க வேண்டும், 5 மி.மீ.க்கு மேல் எளிதாக இறங்கினால் சந்தேகம். சுத்தியால் தட்டினால் நல்ல ஓக் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாகக் கேட்கும். வெளியே நன்றாக இருந்து உள்ளே பொள்ளலாகும் தூண்களுக்கு, மெல்லிய ஊசியைச் சுழற்றி இறக்கித் தடையை வரைபடமாகப் பதியும் துளைக்கருவியைப் பயன்படுத்துவார்கள்.

தூணடி மாற்றுதல்

தூணைச் சுற்றித் தற்காலிக முட்டுக் கொடுப்பது முதல் வேலை. 40 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும் தூணுக்கு ஓடும் மரமும் சேர்ந்து நான்கைந்து டன் வரும். 10 டன் ஜாக்கி இரண்டு போதும். முட்டின் அடியில் அகலப் பலகை இல்லாவிட்டால் ஜாக்கி தரையில் புதையும். உயர்த்துவது 2 அல்லது 3 மி.மீ. மட்டும், எடை ஜாக்கிக்கு மாறினால் போதும். கூரையை நிமிர்த்திவிடலாம் என்ற ஆசையில் மேலும் உயர்த்தினால், மேலே ஆணிகள் அறும், ஓடுகள் வெடிக்கும். பல பத்தாண்டுகளில் தாழ்ந்ததை ஒரே நாளில் நிமிர்த்தக் கூடாது.

அடுத்தது அறுப்பு. கெட்ட மரம் முடியும் இடத்துக்கு 20 முதல் 30 செ.மீ. மேலே, நல்ல மரத்தில் அறுக்க வேண்டும். புதிய அடிக்கட்டையைப் பழைய தூணோடு இணைக்கும் ஒட்டின் நீளம் தூண் அகலத்தைப்போல மூன்று மடங்காவது வேண்டும், 30 செ.மீ. தூணுக்கு 90 செ.மீ. எடை தாங்கும் தோள்கள் தூணின் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் எடை ஒட்டைப் பிளக்கும் ஆப்பாக மாறிவிடும்.

மரத் தேர்வு இங்கே தலைகீழ். புதுக் கூட்டுக்குப் பச்சை ஓக் நல்லது, ஒட்டுக்கு ஆகாது. மேலே உள்ள பழைய மரம் சுருங்கி முடித்துவிட்டது. கீழே ஒட்டும் பச்சை மரம் 30 செ.மீ. அகலத்தில் 6 முதல் 12 மி.மீ. வரை சுருங்கி, இறுக்கமாகப் பொருத்திய தோள்களை ஆட்டம் காண வைக்கும். எனவே 15 முதல் 18 விழுக்காட்டு ஈரத்துக்கு இறங்கிய மரம், அல்லது வேறு கட்டடத்திலிருந்து எடுத்த பழைய ஓக். கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, நல்ல நிலையில் இருக்கும்போதே ஊராட்சி நான்கைந்து கட்டைகளை வாங்கிக் கூரையடியில் காய வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

ஒட்டைக் காய்ந்த ஆணியாலும் ஆப்பாலும் இறுக்குகிறார்கள். பிசின் ஊற்றி நிரப்புவது விரைவான வழி. ஆனால் அடுத்த முறை பழுது வரும்போது பிசின் இருக்கும் இடம் வரை மொத்தமாக அறுத்தெறிய வேண்டியிருக்கும். அந்தக் கழிவில் நல்ல மரமும் போகும். ஒட்டின் கண்ணில்படாத முகத்தில் ஆண்டைப் பொறித்தபின், ஜாக்கியைச் சில மணி நேரம் எடுத்து மெல்ல இறக்கி, தூக்குக்குண்டால் நேர் பார்க்க வேண்டும்.

ஓடும் அனுமதியும்

தூணுக்கு அடுத்தபடி செலவு கூரையில். மாட்டு ஆணி உளுத்தால் ஓடு வழுகும். வழுகிய இடத்தில் சட்டம் நனையும். நனைந்த சட்டம் பக்கத்து ஆணிகளையும் கெடுக்கும். ஆண்டுக்கு இருமுறை, இலையுதிர்காலப் புயல்களுக்குப் பின்னும் குளிர் முடிந்தபின்னும், கூடத்தின் உள்ளே நின்று மேலே பார்த்தாலே போதும்: பகல் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடமெல்லாம் ஓடு நகர்ந்திருக்கிறது.

செலவைக் குறைக்க இலகுவான தகடு போடலாமே என்ற யோசனை எல்லா ஊரிலும் வரும். அழகை விட்டுவிட்டாலும், அது கட்டமைப்புக்கே ஆபத்து. 2,000 சதுர மீட்டர் ஓட்டுக் கூரை 150 டன். பக்கம் முழுவதும் அடைபடாத கூடத்தில் காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்கும். மர ஆணிப் பொருத்துகள் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பை ஓரளவுக்குத்தான். அந்த 150 டன்தான் புயலில் கூட்டை இருத்தி வைக்கிறது.

கூடம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். ஆகவே 1913 டிசம்பர் 31 சட்டத்தின் வழிவந்த விதிகள் பொருந்தும்: அரசின் வட்டாரப் பண்பாட்டு அலுவலக அனுமதியின்றி ஒட்டுப்போடும் வேலைகூடத் தொடங்க முடியாது. அன்றாடப் பராமரிப்பு வேறு. வழுகிய ஓட்டைத் திரும்ப மாட்டுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பல ஊர்களில் இந்தச் சிறு வேலையையும் பெரிய பணியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, ஐந்து ஓட்டில் முடிந்திருக்க வேண்டியதைக் கைமரம் வரை கொண்டுபோய்விடுகிறார்கள்.

பணி அட்டவணையைத் திங்கட்கிழமைதான் முடிவு செய்யும். கூடத்தை மாதக்கணக்கில் மூடினால் கடைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், திரும்ப வரமாட்டார்கள். இரண்டு சட்டக இடைவெளியை மட்டும் பலகை அடித்துத் தடுத்து, அங்கே வேலையை முடித்து, பிறகு அடுத்த இரண்டுக்கு நகர்வதே நடைமுறைக்கு உகந்தது. தூணடியைச் செவ்வாயில் தொடங்கினால் ஞாயிற்றுக்குள் ஜாக்கியை இறக்கிவிட வேண்டும். ஜாக்கியில் நிற்கும் தூணுக்குப் பக்கத்தில் சந்தைக் கூட்டத்தை விடக் கூடாது. மாற்று ஓடு மொத்தத்தில் இருபதில் ஒரு பங்காவது கைவசம் இருக்கட்டும், அதுவும் அதே அளவில், அதே இரட்டைத் துளையோடு. சூளைகள் இன்று விற்கும் ஓட்டில் துளைக்குப் பதில் கொக்கிதான் இருக்கும். பழைய ஓடுகளுக்கு நடுவே அதைச் செருகினால் அந்த வரிசையே மட்டம் தப்பும்.